ஊரில் குழு ஆரம்பிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து சுய உதவிக் குழு ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து, "20 பேர் ஆதார் நகலும் போட்டோவும் கொடுங்கள், மூணே மாசத்தில் லோன் வாங்கித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். யார் யார் பெயர் இருக்கிறது என்றே தெரியாத பட்டியலில் கையெழுத்துப் போட்டால், அதில் ஒருத்தி கட்டாமல் போனாலும் வங்கி உங்கள் எல்லாரையும்தான் கேட்கும்.

தமிழ்நாட்டில் அரசு இந்தக் குழுக்களை முதலில் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான், 1989-ல். கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை. அன்று முதல் இன்றுவரை நிலைத்து நிற்கிற குழுக்களைப் பார்த்தால் ஒன்று புரியும்: அவர்கள் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒரே தெரு, ஒரே குழாயடி, நூறு நாள் வேலைக்கு ஒன்றாகப் போகிறவர்கள், ஒருத்தி வீட்டில் கைச்செலவுக்குக் காசு இல்லை என்றால் அடுத்த வீட்டுக்குச் சொல்லாமலே தெரியும். வசதியும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். வட்டிக்கு விடுகிற வீட்டம்மா உள்ளே வந்துவிட்டால் அவரிடம் கடன் பட்டவர்கள் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு ஒருவர், மொத்தம் 12 முதல் 20 பேர். 20-க்கு மேல் போகாததற்குக் காரணம் உண்டு, பழைய கம்பெனிச் சட்டப்படி அதற்கு மேல் ஆள் சேர்ந்து லாபத்துக்குத் தொழில் செய்தால் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் குழு என்றால் 5 பேரே போதும்.

அப்புறம், எடுத்த எடுப்பில் வங்கிக்கு ஓடாதீர்கள். 12 பேர் வாரம் ஆளுக்கு 50 ரூபாய் போட்டால் வாரத்துக்கு 600, ஆறு மாதத்தில் 15,600. இது உங்கள் சொந்தப் பணம், இதிலிருந்து உங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குங்கள். ஒருத்திக்குப் பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 3,000 வேண்டும், அதே வாரம் இன்னொருத்திக்கு அடகு வைத்த தோட்டை மீட்க வேண்டும், கையில் இருப்பதோ நாலாயிரம். யாருக்கு முதலில், என்ன வட்டி, எத்தனை தவணை என்று பாயில் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, ஒரு முடிவுக்கு வந்து தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்த ராத்திரிதான் உங்கள் குழு உருவாகிறது என்று நான் நம்புகிறேன். லோனுக்காக அவசரமாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் கிடைப்பதில்லை, பணம் கைக்கு வந்த அடுத்த மாதமே கூட்டத்துக்கு ஆள் வராது.

வங்கியும் இதைத்தான் பார்க்கிறது. 1992-ல் விவசாய, கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோதே, சொத்துப் பிணை கேட்காமல் குழுவின் நடத்தையை நம்பிக் கடன் கொடுப்பது என்பதுதான் ஏற்பாடு. கூட்டம் தவறாமல் நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, உள்கடன் ஓடுகிறதா, தவணை திரும்புகிறதா, கணக்கு எழுதியிருக்கிறதா என்று தரமதிப்பீடு செய்வார்கள். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்கட்டும், ஒரே ஆள் கையெழுத்தில் பணம் எடுக்க முடியாதபடி தொடங்குங்கள். உங்கள் ஊராட்சியில் இருக்கிற குழுக்களின் கூட்டமைப்பிலேயே வழி சொல்வார்கள், யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை.

கேள்வி: எங்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். குழு நடத்த முடியுமா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: தாராளமாக. மதுரைப் பக்கம் புல்லுச்சேரியில் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களைக் கட்டி வளர்த்த சின்னப்பிள்ளை அம்மா எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. 2001-ல் அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. கணக்கு எழுத பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள், மாதம் கொஞ்சம் பணமும் கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் இன்று வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அவர் சத்தமாக வாசிக்க வேண்டும், பாஸ்புக் எல்லார் கைக்கும் ஒரு சுற்று வர வேண்டும். "ஊக்குநர் பார்த்துப்பாங்க" என்று குழுத் தலைவியிடமே எல்லாவற்றையும் விட்ட குழுக்களில்தான் பிரச்சினை வருகிறது. ஊக்குநர் பொறுப்பையும் ஒருவரிடமே ஆண்டுக்கணக்கில் விடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சிறு விவசாயிகள். ஆண்களும் இப்படிச் சேர வழி இருக்கிறதா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: இருக்கிறது. 2017-18-ல் தமிழக அரசு கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 விவசாயிகள் சேர்ந்து உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு என்று அமைத்து, ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவுக்கும் பொதுவில் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய் தந்தார்கள். இப்போது என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். எந்தக் குழுவானாலும் சரி, பவர் டில்லர் வருவதற்கு முன்பே அது யார் வயலில் முதலில் இறங்கும், டீசல் யார் போடுவது, ரிப்பேர் வந்தால் செலவு யாருடையது என்பதையெல்லாம் பேசி எழுதி வைத்துவிடுங்கள்.