நாலு குரல், ஒரு மைக்

கேள்வி: கல்லூரியில் நாங்க நாலு பேர், மூணு பசங்க, நான் ஒருத்தி. 1960-களில் வந்த அமெரிக்க சோல் பாட்டுகளைச் சேர்ந்து பாடுகிறோம். ஆண்டு விழாவில் பாடினதும், "சர்ச் பாட்டு மாதிரி இருக்கு, யார் கேப்பாங்க?" என்றார்கள். விட்டுடலாமா?
– மாணவி, கோபிசெட்டிபாளையம்

விடவே விடாதீங்க அம்மணி. சர்ச் மாதிரி இருக்கிறது என்றால் சரியாகப் பாடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயத்தில்தான் சோல் என்ற இசை பிறந்தது. காஸ்பல் என்கிற அந்தச் சர்ச் பாட்டின் உருக்கத்தை ரே சார்லஸ் என்ற பாடகர் 1950-களில் அப்படியே காதல் பாட்டுக்குக் கொண்டுபோனார், பக்திமான்கள் பலருக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு சோல் பாடகர் சாம் குக்கும் காஸ்பல் குழுவில் முன்குரலாகப் பாடிவிட்டு வந்தவர்தான்.

உங்க நாலு பேருக்கு நான் சொல்வது கிளாடிஸ் நைட் அண்ட் தி பிப்ஸ். அட்லாண்டாவில் 1952-ல் ஒரு பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் சேர்ந்து பாடியதில் தொடங்கிய குடும்பக் குழு அது, பின்னாளில் பெயர் வாங்கியபோது முன்னால் கிளாடிஸ், பின்னால் அவருடைய அண்ணனும் இரண்டு உறவுக்காரப் பையன்களும். அந்த மூணு பேரை மட்டும் ஒருநாள் கவனித்துக் கேளுங்கள். கிளாடிஸ் ஒரு வரியை முடிக்கும்போது அவர்கள் ஒரு சொல்லைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள், சில இடத்தில் அவர் பேச்சை ஆமோதிப்பது போல, சில இடத்தில் சீண்டுவது போல. இது நமக்கு அந்நியமா என்ன? வள்ளிக்கும்மியில் ஆசிரியர் அடி எடுத்துக் கொடுக்க வட்டம் மொத்தமும் வாங்கிப் பாடுகிறதே, அதைக் கேட்டு வளர்ந்த காதுதானே உங்களுடையது! காங்கேயம், பல்லடம் பக்கமெல்லாம் சின்னப் பிள்ளைகள் கும்மி ஆட வந்துவிட்ட காலத்தில் பழசை யார் கேட்பார்கள் என்ற கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சிக்கு கரோக்கியை அணைத்துவிடுங்கள். நடுவில் ஒரே மைக், சுற்றி நாலு பேர். முன்குரல் ஒரு எட்டு கிட்டே, மற்றவர்கள் ஒரு எட்டு தள்ளி, யார் குரல் அடுத்தவரை அமுக்குகிறது என்று அப்போது தானாகத் தெரியும். "ஊ" என்று இழுக்கும் இடத்தில் நாலு வாயும் ஒரே மாதிரி குவிய வேண்டும், முடிக்கும்போது ஒரே நொடியில் அறுக்க வேண்டும், பாதி அழகு அங்கேதான் இருக்கிறது. அப்புறம், அமெரிக்க உச்சரிப்பை வலிந்து கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: எங்க குழு பாடின பதிவில் ஆப் வைத்து பழைய இசைத்தட்டுக் கரகரப்பைச் சேர்க்கலாமா?
– வாசகர், திருப்பூர்

வேண்டாமுங்க. தேய்ந்துபோன தட்டின் சத்தம் அது. நியூயார்க்கின் புரூக்ளினில் டாப்டோன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி பழைய முறைப்படி டேப்பில்தான் பதிவு செய்தது, ஆனால் ஷரோன் ஜோன்ஸ் என்ற பாடகி நாற்பது வயதைத் தாண்டி அங்கே முதல் ஆல்பம் கொடுத்தபோது ஜனங்களை இழுத்தது சர்ச்சில் பாடிப் பாடிப் பழுத்த அவர் தொண்டை. கரகரப்பு சேர்க்கும் நேரத்தில் இன்னும் நாலு தடவை சேர்ந்து பாடிப் பாருங்கள்.