கடுங்குளிர்காலத்திலும் வீட்டுப் பசுமைக்குடிலில் செடி வளர்க்க முடியுமா?

முடியும், ஆனால் எதை வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே செலவும் உழைப்பும் அமையும். பசலைக்கீரை (ஸ்பினாச்), முட்டைக்கோசு இனக் கீரையான கேல் போன்றவை உறைபனியையும் ஓரளவு தாங்கும். தக்காளியோ இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே குன்றிவிடும்.

பலரும் குளிரை எண்ணியே கவலைப்படுகிறார்கள். என் கணிப்பில் ஒளிக்குறைவே பெரிய தடை. பகல்பொழுது ஏறத்தாழ 10 மணி நேரத்துக்கும் குறையும்போது வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதாலும், அப்போது வெப்பத்தை மட்டும் கூட்டினால் செடிகள் வெளிறி நெட்டையாக வளருமே தவிரச் செழிக்காது என்பதாலும், இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே விதைத்து அவற்றை முக்கால் பருவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லையேல் எல்இடி விளக்கு பொருத்த வேண்டும்.

இரட்டைப் பாலித்தீன் உறைக்கு இடையே சிக்கிய காற்று வெப்ப இழப்பைக் குறைக்கும். வெயில் படும்படி வைத்த கறுப்பு நீர்ப்பீப்பாய்கள் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல வெளிவிடும். நண்பகலில் சிறிது நேரமாவது காற்றோட்டம் தராவிட்டால், தேங்கும் ஈரத்தில் சாம்பல் பூஞ்சணம் பரவும்.