துடிக்கும் விண்மீன்களும் தொலைவுக் கணக்கும்

கேள்வி: இரவில் காசிமேட்டுக் கரையில் நின்று பார்த்தால், கடலில் மங்கலாகத் தெரியும் விளக்கு சிறியதா, தொலைவில் இருப்பதா என்று சொல்ல முடிவதில்லை. ‘துடிக்கும் விண்மீன்’களைக் கொண்டு வானியலார் தொலைவை அளப்பதாகப் படித்தேன். அது எப்படி?
– காசிமேடு வாசகர்

பதில்: வானியலாரை நெடுங்காலம் வாட்டிய சிக்கலும் இதுவேதான். விளக்கின் உண்மையான ஒளி தெரிந்தால் மட்டுமே, அது மங்கித் தெரியும் அளவிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். தொலைவு இரு மடங்கானால் நம்மை வந்தடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். செஃபீடு எனப்படும் துடிக்கும் விண்மீன்கள் தம் உண்மையான ஒளியைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன. விண்மீன் சுருங்கும்போது அதன் மேலடுக்குகளிலுள்ள ஹீலியம் மேலும் எலக்ட்ரான்களை இழந்து (அயனியாகி), உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தேக்கிவைக்கிறது. அழுத்தம் மிகுந்து விண்மீன் விரிகிறது, விரிந்ததும் தேங்கிய வெப்பம் வெளியேறிவிட, மீண்டும் சுருங்குகிறது. ஒளி மிகுந்த விண்மீனுக்கு இந்தத் துடிப்பின் காலம் நீளம், ஆகவே காலத்தை அளந்தால் உண்மையான ஒளி தெரிந்துவிடும்.

இந்தத் தொடர்பைக் கண்டறிந்தவர், ஹார்வர்டு வான்காணகத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்த ஹென்ரியட்டா லீவிட். நம் பால்வழிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லானிய முகிலிலுள்ள 25 விண்மீன்களின் துடிப்புக் கால, ஒளி அளவுகளை 1912-இல் அவர் வெளியிட்டார். அவை அனைத்தும் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளவை. ஆழ்கடலில் ஒரே இடத்தில் கூடி நிற்கும் விசைப்படகுகளைப் போல, அங்கே மங்கலாகத் தெரியும் விளக்கு உண்மையிலேயே மங்கலானதுதான். அந்த முகிலில் ஒப்பிட்டுப் பார்த்ததையே அவருடைய பணியின் உயிராக நான் கருதுகிறேன்.

ஆயினும் அருகிலுள்ள சில செஃபீடுகளின் தொலைவை வேறு வழியில் அளந்தால்தான் இந்த அளவுகோலில் எண்களைக் குறிக்க முடியும். புவி சூரியனைச் சுற்றுகையில் அவை இம்மியளவு இடம் மாறித் தோன்றும் கோணத்தைக் கையா விண்கலம் அளந்தது. தொடக்க அளவு பிழையானால் எல்லாமே பிழையாகும்: 1923-இல் ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தில் சுமார் 31 நாள் துடிப்புக் காலமுள்ள செஃபீடைக் கண்ட எட்வின் ஹப்பிள், அதன் தொலைவை ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு என்று கணித்தார், செஃபீடுகளில் ஒளி வேறுபடும் இரு வகைகள் உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று. இன்றைய மதிப்பு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு.

நீங்களும் ஒரு செஃபீடைப் பார்க்கலாம். செப்டம்பர் நடுவில், இரவு எட்டு மணிக்கு, உச்சிக்கு அருகில் திருவோணம் ஒளிரும். கையை நீட்டி முட்டியை மூடினால், அந்த முட்டியின் அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், திருவோணத்துக்கு நேர் தெற்கே ஈட்டா அக்விலே என்னும் செஃபீடு உள்ளது. துறைமுக விளக்கொளியில் வெறுங்கண்ணுக்கு அது தப்பிவிடக்கூடும் என்பதால் பைனாகுலர் வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு நாள்தோறும் குறித்துவந்தால், 7 நாள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அது ஒளிர்ந்து மங்குவது உங்கள் குறிப்பேட்டிலேயே தெரியவரும்.