ஒரே வகுப்பில் மூன்று நிலை: மூன்று பாடம் தயாரிக்க வேண்டுமா?

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். கழித்தலில் சில பிள்ளைகள் இரண்டு இலக்கத்திலேயே தடுமாறுகிறார்கள். சிலர் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, "அடுத்து என்ன டீச்சர்?" என்று வந்து நிற்கிறார்கள். தினமும் மூன்று விதமாகப் பயிற்சித்தாள் எழுதி அலுத்துவிட்டது. தேர்வு என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். என்ன செய்யலாம்?

பதில்: மூன்று தாள் எழுதுவதை முதலில் விடுங்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுங்கள். எங்கிருந்து தொடங்குவது, கையில் என்ன வைத்துக்கொண்டு செய்வது என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

அதற்கு முன்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மதிப்பெண்ணைவிடத் தவறான விடைதான் இதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். கரும்பலகையில் 403 − 168 என்று எழுதி, துண்டுத்தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சரியான விடை 235. 365 என்று எழுதியவர், எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார். இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. 245 என்று எழுதியவருக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் சுழியம் நூறிடம் வாங்கிப் பத்தான பிறகு, தானும் ஒன்றைக் கொடுத்து ஒன்பதாகிவிட்டதை மறந்துவிட்டார். இரண்டுக்கும் தப்புக்குறி ஒன்றுதான், மருந்து வேறு.

இப்போது செயல்பாடு. காகிதத்தில் நூறு ரூபாய், பத்து ரூபாய் நோட்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்குப் புளியங்கொட்டை போதும். கையில் 403 ரூபாய், கடையில் 168 ரூபாய்க்குச் சாமான். முதல் பத்து நிமிடம் வகுப்பு முழுவதும் சேர்ந்தே இதைப் பேசட்டும். எட்டு ரூபாய் கொடுக்க வேண்டும், மூன்று புளியங்கொட்டைதான் இருக்கிறது. பத்து ரூபாய் நோட்டு ஒன்றுகூட இல்லை. சரி, ஒரு நூறை மாற்று. பத்து ரூபாய் நோட்டு பத்து வரும். அந்தப் பத்து நோட்டில் ஒன்றை மறுபடி சில்லறையாக்கினால் கையில் மிஞ்சுவது ஒன்பது. 245 எழுதிய பிள்ளை அந்த ஒன்பதைத் தன் கையாலேயே எண்ணிப் பார்க்கும். நாம் பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது அங்கே ஏறும்.

அப்புறம் குழுவாகப் பிரியலாம். 365 குழுவுக்கு அதே கடை, தொகை மட்டும் சிறியது: 52 ரூபாயில் 27 ரூபாய்ச் சாமான். 245 குழு, நோட்டை மாற்றும்போதே ஒவ்வொரு படியையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு 403, 502 போன்ற எண்களைச் செய்யட்டும். சரியாகப் போட்டவர்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுக்காதீர்கள், அது கெட்டிக்காரத்தனத்துக்குத் தண்டனை. 4□3 − 1□8 = 235 என்று எழுதி, கட்டங்களில் என்னென்ன வரலாம் என்று கேளுங்கள். 403 − 168 மட்டுமல்ல, 413 − 178, 423 − 188, 433 − 198 என்று நான்கு விடை உண்டு. ஐந்தாவது ஏன் இல்லை என்று விளக்கச் சொன்னால் அவர்களும் கொஞ்சம் தலையைச் சொறிவார்கள். அவர்களைத் தினமும் 'குட்டி டீச்சர்' ஆக்கி மற்றவர்களோடு உட்கார வைப்பதும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் செய்யலாம், அவர்களுக்கும் படிக்க நேரம் வேண்டாமா?

குழுவுக்குப் பெயர் வைப்பதில் கவனம் தேவை. தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்கு அழகான பெயர்கள்தான் வைத்தார்கள். ஆனால் 'அவன் அரும்பு' என்ற பேச்சு ஆசிரியர் அறையில் புழங்க ஆரம்பித்தால் பிள்ளை காதிலும் அது விழும். பாடத்துக்குப் பாடம் குழுவைக் கலைத்துவிடுங்கள். கழித்தலில் திணறும் பிள்ளை, அளவைகள் பாடத்தில் லிட்டரும் மில்லிலிட்டரும் சட்டென்று சொல்லக்கூடும், வீட்டில் பால் வியாபாரம் நடந்தால் கேட்கவே வேண்டாம். நீங்களும் எப்போதும் ஒரே குழுவோடு உட்காராதீர்கள். முதல் நாள் 365 குழுவோடு, மறுநாள் 245 குழுவோடு.

தேர்வு ஒன்றுதான் என்கிறீர்கள், உண்மைதான். அதனால்தான் சிறிய தொகையில் தொடங்கிய குழுவை அங்கேயே விட்டுவிடக் கூடாது. 52-லிருந்து 152-க்கும், பிறகு சுழியம் வரும் எண்ணுக்கும் இரண்டு மூன்று நாளில் நகர்த்துங்கள். வெள்ளிக்கிழமை கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் 306 − 148 கொடுத்துத் துண்டுத்தாள் வாங்குங்கள். 158 வந்தால் சரி. 168 என்று எழுதியவர்களுக்குத் திங்களன்று நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றும் வேலை இன்னொரு முறை. 242 என்றால் எழுத்துக்கணக்கை நிறுத்திவிட்டு, நோட்டும் புளியங்கொட்டையுமாக இன்னும் சில நாள் கடை நடத்தட்டும்.