ஹெல்வெலின் மலைமுதுகில் மிதிவண்டிப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலேசியாவின் தாப்பாவை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். வார இறுதிகளில் தோட்டத்துச் செம்மண் பாதைகளிலும், ரிங்லெட் வரை ஏறும் மலைச்சாலையிலும் மலை மிதிவண்டி ஓட்டுகிறேன். செப்டம்பரில் மேற்படிப்புக்காக வட இங்கிலாந்து செல்கிறேன். அக்டோபர் இறுதியில் அங்குள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ஹெல்வெலின், ஹை ஸ்ட்ரீட் ஆகிய இரு மலைமுதுகுகளையும் ஒரே நாளில் கடக்க ஒரு சுற்றுப்பாதை வரைந்துள்ளேன். தூரம் ஐம்பது கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1,800 மீட்டர். கேமரன் மலைக்கு ஏறிப் பழகியவனுக்கு 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெலின் பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன். திட்டம் சரிதானா? (வாசகர், தாப்பா)

பதில்: தம்பி, உங்கள் கால்வலிமையில் எனக்கு ஐயமில்லை. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை மிதிப்பவர் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறுகிறார். அந்த அளவில் பார்த்தால் ஹெல்வெலின் உங்களுக்குப் புதிதல்ல. ஆயினும் நம் மலைச்சாலை தார் போட்டது. மழை பிடித்தால் லாத்தா இஸ்கந்தார் அருவிக்கரைக் கடைகளில் ஒதுங்கலாம். சங்கிலி அறுந்தால் ஏதாவது ஒரு காய்கறி லாரி நின்று ஏற்றிக்கொள்ளும். ஹெல்வெலின் முதுகில் மரம்கூடக் கிடையாது. ஆகவே, அங்கே ஒரு பாதை எவ்வளவு கடினம் என்பதை அதன் உயரத்தைக் கொண்டு மட்டும் கணிக்க முடியாது. நினைத்த இடத்தில் அதைவிட்டு இறங்க முடியுமா என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் இறங்கு வழிகள் குறிக்கப்படவே இல்லை. முதலில் அவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு ஏறும் வழியை வரையுங்கள்.

அதற்கு முன், நேரக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி நடப்பவர்களுக்கானது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு இதன்படி 10 மணியும் 3 மணியும் சேர்ந்து 13 மணி நேரம் ஆகிறது. பள்ளத்தாக்குச் சாலைகளிலும் நல்ல இறக்கங்களிலும் நீங்கள் நடப்பவரைவிட விரைவாகப் போவீர்கள் என்பது உண்மைதான். ஆனால், செங்குத்தான ஏற்றங்களில் வண்டியைத் தள்ளியோ தோளில் சுமந்தோதான் ஏற வேண்டியிருக்கும். அங்கே கிடைப்பது நடைவேகம்கூட அன்று. வழிபார்க்கவும் உண்ணவும் பழுதுபார்க்கவும் செல்லும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரப் பகலில் வாழ்ந்த நமக்கு எளிதில் தோன்றாத இன்னொன்றும் உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த வாரத்துப் பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. எனவே, இரண்டு முதுகுகளையும் ஒரே நாளில் கடக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்கிறேன்.

முதற்பயணத்துக்கு ஹை ஸ்ட்ரீட்டைத் தேர்ந்தெடுங்கள். உரோமர் காலத்துச் சாலை ஒன்று அதன் முதுகில் ஓடியதால் வந்த பெயர் அது. உயரம் 828 மீட்டர். வடக்கே பூலி பிரிட்ஜ் ஊரிலிருந்து ஏறினால் முதுகு அகலமாகவும் புல் நிறைந்ததாகவும், பெரும்பாலும் நிதானமாகவும் உயர்கிறது. மழைக்குப் பின் சேற்றுநிலம் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் என்றாலும், திரும்ப வேண்டுமென்று தோன்றினால் வந்த வழியே திரும்ப முடியும். அந்த ஒரு வசதியே புதியவருக்குப் பெரும் பாதுகாப்பு.

ஹெல்வெலினை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளென்ரிடிங் ஊரிலிருந்து பழைய குதிரைத்தடம் ஒன்று கெப்பெல் கோவ் பள்ளத்தின் மேலாக வளைந்து வளைந்து ஏறி, ரெய்ஸ், ஒயிட் சைட் ஆகிய இரு குன்றுகளுக்கு இடையே முதுகை அடைகிறது. அந்த இடத்தைத்தான் நீங்கள் முடிவெடுக்கும் இடமாகக் கொள்ள வேண்டும். அங்கிருந்து வடக்கே ஸ்டிக்ஸ் கணவாய் அருகிலேயே இருக்கிறது. அதன் வழியாகக் கிளென்ரிடிங்குக்கு இறங்கிவிடலாம். தெற்கே உச்சியைத் தாண்டிப் போய்விட்டாலோ, டாலிவாகன் பைக்கின் செங்குத்தான கல்பாவிய வளைவுகளில் இறங்கி கிரைஸ்டேல் டார்ன் ஏரியைச் சேரும்வரை கிழக்கே வண்டியோடு இறங்கத் தகுந்த இடமில்லை. உச்சியின் கிழக்குப்புறம் ரெட் டார்ன் ஏரியை நோக்கிப் பாறையாக விழுகிறது. பனிமூட்டத்தில் அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றோ மூட்டமோ ஒயிட் சைட் அருகிலேயே தொடங்கிவிட்டால், உச்சி இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற எண்ணத்துக்கு இடம் கொடாமல் வடக்கே திரும்பிவிடுங்கள். வானம் தெளிவாக இருந்தாலும், முதன்முறை உச்சியைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பி ஸ்டிக்ஸ் கணவாயில் இறங்குவதையே நான் பரிந்துரைப்பேன். டாலிவாகன் இறக்கம் அந்தக் கற்களில் நன்கு பழகியவர்களுக்கு உரியது.

எந்தத் தடத்தில் மிதிவண்டி செல்லலாம் என்பதையும் பார்த்து வரையுங்கள். இங்கிலாந்தில் நடைபாதைகளில் மிதிவண்டிக்கு உரிமை கிடையாது. குதிரைப்பாதைகளில் ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் தந்தது, நடப்பவர்க்கும் குதிரையில் வருபவர்க்கும் வழிவிட வேண்டும் என்ற கடமையோடு சேர்த்து. படங்களில் புகழ்பெற்ற ஸ்ட்ரைடிங் எட்ஜ் கூர்முகடு நடப்பவர்களுக்கானது. உங்கள் பாதையில் அது இருக்குமானால் அழித்துவிடுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு? அதில் என்ன கூடுதலாகத் தெரியும்? (வாசகி, தாப்பா)

பதில்: குளிரில் மின்கலம் விரைவாக இறங்கும், மழையில் நனைந்த கண்ணாடித் திரை விரலுக்குக் கட்டுப்படாது. இவ்விரண்டுமே ஹெல்வெலினில் வழக்கமாக நேர்பவை. ஆனால் காகித வரைபடத்தை நான் வலியுறுத்துவது வேறொரு காரணத்துக்காக: மேசையில் விரித்து முழு மலையையும் ஒரே பார்வையில் காணும்போதுதான் எந்தப் பள்ளத்தாக்கு எந்த ஊருக்கு இறங்குகிறது என்பது மனத்தில் பதிகிறது. ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வரிசையில் ஓஎல் 5 என்ற தாளை வாங்குங்கள். குதிரைப்பாதைகள் அதில் பச்சை நிற நீண்ட கோடுகளாலும், நடைபாதைகள் குறுங்கோடுகளாலும் காட்டப்பட்டிருக்கும்.

1:25,000 அளவிலான அந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். மலைப்பகுதியில் உயரக்கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று. தடத்தின் மீது இரு கோடுகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர் இருந்தால் 100 மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏற்றம், அதாவது 10 விழுக்காடு; உறுதியான தரையில் மிதிக்கலாம். இடைவெளி 2 மில்லிமீட்டராகக் குறைந்தால் 20 விழுக்காடு; கற்கள் புரளும் தரையில் அநேகமாக எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். ஓர் அளவுகோலும் பென்சிலும் கொண்டு மிதிக்கும் பகுதி, தள்ளும் பகுதி, சுமக்கும் பகுதி என மூன்றாகக் குறித்துக்கொண்டால் பயணநேரம் கனவாக இல்லாமல் கணக்காக வரும். வண்டியைச் சுமந்து ஏறுவதற்கு இங்கேயே பழகலாம்: மேட்டுச் செம்பனைக் காடுகளில் வெட்டிய படிமட்டங்கள் அதற்கு ஏற்றவை. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை மட்டும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

கேள்வி: என் மகனும் அந்த மலைகளுக்கே போக ஆசைப்படுகிறான். மழை அவனுக்குப் பழக்கம்தான். தைப்பிங்கில் பெய்யாத மழையா? அவன் எதை எடுத்துச் செல்ல வேண்டும், ஆபத்து என்றால் யாரை அழைக்க வேண்டும்? (ஒரு தாயார், தாப்பா)

பதில்: அம்மா, மழையின் அளவில் நீங்கள் சொல்வது சரிதான். அந்த மலைகளிலுள்ள சீத்வெய்ட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தைப்பிங் அதையும் மிஞ்சும். வேறுபாடு குளிரில் இருக்கிறது. பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏற ஏற ஆறரை பாகை வெப்பம் குறையும். ஆகவே கிளென்ரிடிங்கில் 9 பாகை இருக்கும் நாளில் உச்சியில் 4 பாகைதான் இருக்கும். நனைந்த உடையின் மீது பலத்த காற்றும் அடித்தால் உடல் தன் சூட்டை இழந்து நடுங்கத் தொடங்கும். பிறகு அறிவும் மந்தமாகும். பருத்திச் சட்டை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆதலால் அது வேண்டாம். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, காற்றும் மழையும் புகாத மேலாடை, இரண்டு இணை கையுறை, நீண்ட நேரம் எரியும் தலைவிளக்கு, விசில், படுத்தால் உடலை மூடும் அவசரகாலப் பை, தேவைக்கு மேல் ஒரு வேளை உணவு ஆகியவை அவன் பையில் இருக்கட்டும். உபரி உள்குழாய், காற்றடிப்பான், சங்கிலி இணைப்பு, பின்புறப் பல்சக்கர மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு ஆகியவற்றையும் வண்டியோடு கொண்டுசெல்ல வேண்டும்.

ஆபத்து நேர்ந்தால் அங்கேயும் எண் 999தான். அழைத்ததும் முதலில் காவல்துறையையும், பிறகு மலைமீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். மீட்பவர்கள் தொண்டர்கள், கட்டணம் பெறுவதில்லை. அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்ததுமே பிரிட்டன் சிம் கார்டிலிருந்து முன்பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். தொலைபேசி கிடைக்காதபோது விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும்.

இறங்கியதும் உங்களுக்குத்தான் அழைப்பேன் என்று அவன் சொல்வான். அந்த ஏற்பாடு மட்டும் போதாது, அம்மா. அக்டோபர் இறுதிக்குப் பின் அங்கே மாலை ஆறு மணி என்றால் தாப்பாவில் இரவு இரண்டு மணி. மேலும் நீங்கள் இங்கிருந்து 999ஐ அழைத்தால் மலேசிய அவசரச் சேவைக்குத்தான் போகும். தங்குமிடத்திலோ உடன் பயிலும் நண்பரிடமோ பாதை, இறங்கு வழிகள், திரும்பும் நேரம், எந்த மணிக்கு மேல் காத்திராமல் அழைக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டே புறப்படச் சொல்லுங்கள். அந்த நண்பரின் எண்ணையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.