பத்து வெற்றியும் எட்டுத் தோல்வியும் (கடிதம்)

வணக்கம்.

லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகள் பள்ளியில் பிசினஸ் பாடம் எடுத்திருக்கிறாள். ‘தி அப்ரெண்டிஸ்’ என்ற தொழில் போட்டி நிகழ்ச்சியின் பழைய சீசன்களை இரவுச் சாப்பாட்டோடு பார்த்து, நோட்டுப் போட்டு ஒவ்வொரு போட்டியாளருக்கும் மதிப்பெண் கொடுக்கிறோம். இப்போது 2011 சீசனை முடித்தோம். ஹெலன் மில்லிகன் 11 பணிகளில் 10-இல் ஜெயித்த அணியில் இருந்தவர். டாம் பெலரோ 8-இல் தோற்றவர். எங்கள் நோட்டில் ஹெலன் முதல், டாம் நான்காவது. கடைசியில் நடுவரான தொழிலதிபர் ஆலன் சுகர் டாமைத் தேர்ந்தெடுக்கிறார்! “எல்லாம் முன்பே முடிவுசெய்த நாடகம்” என்று மகள் நோட்டை மூடிவிட்டாள். அப்படித்தானா? பிறகு எதை வைத்துத்தான் இவர்களை எடைபோடுவது?

செ., ஹாரோ

அன்புள்ள செ.,

மகளின் கோபம் நியாயம். ஆனால் நாடகம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. சுகர் திருத்தியது ஒரு தாள், நீங்கள் இருவரும் திருத்தியது இன்னொரு தாள்.

2005-இல் பிபிசியில் இது தொடங்கியபோது பரிசு ஒரு வேலை. சுகரின் நிறுவனத்தில், ஆண்டுக்கு 1,00,000 பவுண்ட் சம்பளத்தில். வேலைக்கு ஆள் எடுப்பவர் என்ன பார்ப்பார்? சொன்ன நேரத்தில் முடிக்கிறாரா, கூட இருப்பவர்களை அனுசரித்துப் போகிறாரா, கணக்கில் தடுமாறுகிறாரா. வாரம் ஒரு பணி கொடுத்தால் இதெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். 2011-இல், அதாவது நீங்கள் பார்த்த அதே சீசனில், பரிசு மாறிற்று. வேலைக்குப் பதில் 2,50,000 பவுண்ட் முதலீடு, தொழிலில் சுகருக்குப் பாதிப் பங்கு. பரிசை மாற்றியவர்கள் பரீட்சையை மாற்றவில்லை. முதல் வாரமே 250 பவுண்டைக் கையில் கொடுத்துக் காய்கனி வாங்கி விற்கச் சொன்னார்கள்.

பணம் போடுகிறவர் முதலில் கேட்பது, “எதை விற்கப் போகிறாய், யார் வாங்குவார்கள்?” என்றுதான். அதற்கான பதில் போட்டியாளரின் தொழில் திட்டத்தில் இருக்கிறது. அந்தத் திட்டமோ கடைசியில் நேர்காணல் வரும்வரை நம் கண்ணில் படுவதில்லை. அத்தனை வாரமும் முக்கியத் தாளைப் பார்க்காமலே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தீர்கள். (நானும்தான். முதல் தடவை பார்த்தபோது ஹெலன் மீது பந்தயம் கட்டித் தோற்றேன்.)

ஹெலன் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. கிரெக்ஸ் என்ற பெரிய பேக்கரி நிறுவனத்தின் தலைவருக்கு உதவியாளராக இருந்தவர். அடுத்தவர் நாளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் அவர் தொழில், அதையே ஒரு சேவை நிறுவனமாக்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தார். அது எடுபடவில்லை என்று தெரிந்ததும், இறுதிக்கட்டத்தில் பேக்கரிக் கடைகள் வைக்கலாமே என்று மாற்றினார். கேட்டவுடன் இன்னொன்றை எடுத்து நீட்டுவது நல்ல நிர்வாகியின் குணம். முதலீட்டாளருக்கு அதே குணம் வயிற்றைக் கலக்கும். டாமின் திட்டமும் உருப்படியாக இல்லை. முதுகுவலிக்கு ஒரு நாற்காலி, அதைச் சுற்றி ஏதேதோ கணக்கு. ஆனால் அவர் ஏற்கெனவே நகம் தேய்க்கும் வளைந்த அரம் ஒன்றைக் கண்டுபிடித்து விற்றுக்கொண்டிருந்தார். சுகர் நாற்காலியை ஓரம் கட்டிவிட்டு அந்த அரத்தில் பணத்தைப் போட்டார்.

இனி அந்தப் பத்துக்கு வருவோம். அணி ஜெயித்தால் அணியிலுள்ள எல்லோருக்கும் ஒரு வெற்றி எழுதப்படுகிறது. உழைத்தவருக்கும் ஒன்றுதான், கூடப் போய் நின்றவருக்கும் ஒன்றுதான். பாரிஸில் போய்ச் சரக்கு விற்கும் பணியை மகளுக்கு நினைவுபடுத்துங்கள். குழந்தைக்குக் கார் இருக்கையாகவும் மாறும் ஒரு முதுகுப்பை. அதை எடுக்கலாம் என்று டாமுக்குத் தோன்றியது. அவருடைய அணியில் அதற்கு வரவேற்பில்லை, அழுத்தமாகப் பேசியவரின் பேச்சே நின்றது. எதிரணி அந்தப் பையை எடுத்துப் போனது. ஹெலன் அதை லா ரெடூட் என்ற பிரெஞ்சு விற்பனை நிறுவனத்திடம் விற்று ஆர்டரை அள்ளினார். நோட்டில் ஹெலனுக்கு ஒரு வெற்றி, டாமுக்கு ஒரு தோல்வி. ஹெலனின் வெற்றி அவர் உழைத்துச் சம்பாதித்தது. டாமின் தோல்வியில் சரக்கை மதிப்பிடும் கண் இருக்கிறது, அணியை ஒப்புக்கொள்ள வைக்கும் குரல் இல்லை. இரண்டையும் தனித்தனியே குறிக்க உங்கள் நோட்டில் கட்டம் இருந்ததா?

எட்டு முறை தோற்ற அணியில் இருந்தவர் எட்டு முறையும் வெளியேறாமல் தப்பித்திருக்கிறார். தோற்ற அணியிலிருந்துதானே ஆளை அனுப்புகிறார்கள்? அதைக் கழித்தலாக எழுதியிருப்பீர்கள். நான் கூட்டலாக எழுதுவேன்.

அதே பாரிஸ் பணியில்தான் சூசன் மா, “பிரெஞ்சுக்காரர்களுக்குத் தங்கள் குழந்தைகள் மேல் பிரியம் உண்டா?” என்று கேட்டு ஊர் சிரிக்க நின்றார். கிண்டலுக்கென்றே வெட்டி ஒட்டிய காட்சிபோல அது இன்றும் சுற்றுகிறது. பதினைந்து வயதில் லண்டன் கிரீனிச் சந்தையில் கடை போட்டு, வீட்டில் கலந்த சருமப் பூச்சு விற்ற பெண் அவர். இறுதிப்போட்டிவரை வந்து தோற்றார். போட்டி முடிந்தபிறகு சுகர் அவர் தொழிலிலும் பணம் போட்டார். ட்ராபிக் என்ற பெயரில் அது பெரிய நிறுவனமாகிவிட்டது.

நான் ஒருமுறை ஒரு கல்லூரியின் தொழில்முனைவோர் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். நன்றாகப் பேசிய பையனுக்கு முதல் பரிசு கொடுத்தேன். ஒரு பெண் தலையைக் குனிந்தபடி, தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்றுக்கு அடக்கவிலை என்ன, லாரி வாடகை என்ன என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். மூன்று நடுவர்களில் ஒருவர்கூட அவளிடம் கேள்வி கேட்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள் மூவரும்.

அடுத்த சீசனை வரிசைப்படி பார்க்காதீர்கள். யார் ஜெயித்தார் என்பது எப்படியும் இணையத்தில் தெரிந்துவிடும். நேர்காணல் வாரத்தை முதலில் போடுங்கள். அந்தத் திட்டங்களை மகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு முதல் வாரத்துக்குத் திரும்பி, விலை பேசும் இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, அடக்கவிலையை முதலில் கேட்டது யார் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டைப் பார்க்க எனக்கும் ஆசை. முடிந்தால் படமெடுத்து அனுப்புங்கள்.