முள்ளில்லாக் கள்ளி

கேள்வி: அடுத்த மாதம் மெக்சிகோ போகிறேன். ரியால் தெ கத்தோர்சே பக்கத்துப் பாலைவனத்தில் பெயோட்டே என்றொரு கள்ளி இருக்கிறதாம். தின்றால் மனம் திறக்கும் என்கிறார்கள், தடை இருப்பதாகவும் கேள்வி. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதானே, தேடிப் பார்க்கலாமா?

பதில்: ஊருக்குத் தாராளமாகப் போங்கள். வெள்ளிச் சுரங்கத்தால் கொழித்து, பிறகு ஆளொழிந்துபோன மலையூர் அது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகைப்பாதையில் நுழைந்து போவதே தனி அனுபவம். கள்ளியை மட்டும் விட்டுவிடுங்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயோட்டே அங்கே பாதுகாக்கப்பட்ட தாவரம். சடங்குக்காக எடுக்கும் உரிமை பழங்குடிகளுக்குத்தான், பயணிகளுக்கு இல்லை. பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவரும் யோசனை இருந்தால், அதிலுள்ள, போதை தரும் மெஸ்கலின் நம் 1985 போதைப்பொருள் சட்டப் பட்டியலிலும் இருக்கிறது.

சரி, சட்டம் கிடக்கட்டும். அந்தச் செடியைப் பற்றி யோசியுங்கள். முள் கிடையாது. சாம்பல் பூத்த பச்சையில், தரையோடு தரையாக ஒரு சப்பை உருண்டை, மேலே அங்கங்கே வெள்ளைப் பஞ்சுக் குஞ்சம். புதரடியில் இருந்தால் மிதித்த பிறகுதான் தெரியும். மண்ணுக்குள் கேரட் மாதிரி வேர். விதையிலிருந்து வளர்ந்து ஆளாக அதற்குப் பத்து வருஷம்கூட ஆகும். தலையை மட்டும் பக்குவமாகச் சீவினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் அத்தோடு சரி. அங்கே வருகிற ஒவ்வொருவரும் 'ஒரே ஒரு முறைதானே' என்றுதான் வருகிறார்கள்.

அதை ஹிகுரி என்று கும்பிடும் விராரிக்கா பழங்குடி மக்கள் மேற்கு மலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் யாத்திரையாக வருகிறார்கள். அந்தப் பாதை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வழியில் தீயைச் சுற்றி உட்கார்ந்து, முறைதவறிய உறவுகளை ஆள் பெயரோடு எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கயிற்றில் ஒரு முடிச்சு. கணவனோ மனைவியோ பக்கத்திலேயே இருந்தாலும் கோபப்படக் கூடாது. (நம் வீடுகளில் இதை நினைத்துப் பாருங்கள்!) அப்புறம் கயிறு நெருப்புக்குப் போகும். அதற்குப் பிறகுதான் கள்ளி. அதுவும் அவர்களுக்கு வெறும் செடியில்லை, மான். முதலில் கண்ட கள்ளியை அம்பெய்துதான் பிடிப்பார்கள்.

நீங்கள் கேட்பது இந்த முடிச்சுகள் எதுவும் இல்லாத கடைசிக் கவளத்தை மட்டும்.

பார்க்க ஆசையென்றால் உள்ளூர்க்காரர் ஒருவரோடு போய், குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள். விராரிக்கா மக்களின் மணிவேலைப்பாடுகளில் ஹிகுரி வடிவம் வரும். அவர்கள் கையிலிருந்தே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை எந்த விமான நிலையத்திலும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.